ஏரி மீனும் இல்லத்து உணவும்

ஏரி என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது பாசனம். மதகு வழியே நீர் பாய்வதும், நெல் விளைவதும் ஏரியின் பெரும் பயன்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், உழாமலும் எருவிடாமலும் அதே ஏரியில் விளையும் மற்றொரு செல்வம் உண்டு. அது மீன். ஏழைக் குடும்பத்தின் சட்டியில் வாரத்திற்கு ஒரு நாளேனும் சத்துள்ள குழம்பு கொதிக்கச் செய்வது அச்செல்வமே. அதை வீட்டுத் தேவைக்காக வலைவீசிப் பிடித்து உண்ணும் பழக்கம் நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அப்பழக்கம் நிலைக்கவேண்டுமானால் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஏரிகளின் நாடு

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்று அழைப்பது வழக்கம். அதிலிருந்து 1997-ஆம் ஆண்டில் பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தின் தென்பகுதியிலும் அவ்வேரிகளின் தொடரைக் காணலாம். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்லும்படி நம் முன்னோர் அமைத்திருந்தனர். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி உள்ளது. பூவிருந்தவல்லிக்கு அண்மையில் செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையதாய்ப் பரந்து கிடக்கிறது. இவையன்றி, ஊருக்கு ஊர் தாங்கல்களும் குட்டைகளும் உண்டு.

இவற்றுள் செம்பரம்பாக்கம் போன்றவை சென்னை நகரின் குடிநீருக்குரியவை. அவற்றின் மீன்பிடி உரிமை தனி ஏற்பாட்டில் அடங்கியது. அம்பத்தூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. ஆவடி 2019-ஆம் ஆண்டில் தானே மாநகராட்சி ஆயிற்று. ஆகவே, இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது பெரும்பாலும், நகரத்தின் விளிம்பில் இன்னும் கிராமமாகவே இருந்துவரும் ஊர்களின் ஏரிகளைப் பற்றியதாகும்.

பழங்காலத்து ஏற்பாடு

ஏரி மீன் பொதுச் சொத்து என்னும் கருத்து புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிப்பதற்கென்றே 'ஏரி வாரியம்' என்னும் குழு இருந்ததைத் தெரிவிக்கின்றன. ஏரி மீனின்மீது பெறப்பட்ட வருவாய் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என வழங்கப்பட்டது. அவ்வருவாயை ஏரியின் தூர் எடுப்பதற்கே ஒதுக்கிய செய்திகளும் அவற்றில் உண்டு. இன்றும் நம் அலுவலகக் கோப்புகளில் 'மீன்பாசிக் குத்தகை' என்று எழுதுகிறோமே, அச்சொல்லின் வேர் அவ்வளவு பழையது. மீன் கொடுத்த பணம் மீனுக்கு வீடாகிய ஏரிக்கே திரும்பவேண்டும் என்னும் அந்நெறியை நாம் மறத்தலாகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில், சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே என்பவர் இந்தியாவின் நன்னீர் மீன்வளத்தைப் பற்றி 1873-ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை அளித்தார். குஞ்சு மீன்கள் அளவின்றி அழிக்கப்படுவதை அவர் அப்பொழுதே எடுத்துரைத்தார். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது.

வலைகளும் அவற்றின் வேலையும்

வீட்டுத் தேவைக்கு மிகவும் ஏற்றது வீச்சு வலை. இது விரிந்தால் வட்டமாகவும், தூக்கிப் பிடித்தால் கூம்பு போலவும் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். நடுவிலிருந்து ஒரு கயிறு வரும். வலையின் ஒரு பகுதியை இடக்கையிலும் தோளிலும் மடித்துத் தாங்கி, மறு பகுதியை வலக்கையிற் பற்றி, உடலைச் சற்றே திருப்பி வீசினால் வலை குடைபோல் விரிந்து நீரில் விழும். ஈயம் அதை அடிமண்ணுக்கு இழுக்கும். பின்பு கயிற்றை மெல்ல இழுக்க, குண்டுகள் ஒன்றுகூடி விளிம்பு மூடிக்கொள்ளும். உள்ளிருக்கும் மீன் விளிம்பின் மடிப்புகளில் தங்கிவிடும். அவசரமாக இழுத்தால் விளிம்பு தரையினின்று எழும்பி மீன் தப்பிவிடும். இடுப்பளவு நீரும் சேற்றுத் தரையும் இவ்வலைக்கு உகந்தவை. முள்ளும் வேரும் நிறைந்த இடத்தில் வீசினால் மீனுக்குப் பதில் கிழிசலே மிஞ்சும்.

வீச்சு வலையின் சிறப்பு யாதெனில், அது ஒரு வீச்சில் ஒரு வட்டத்திற்குள் இருப்பதை மட்டுமே பிடிக்கிறது. பிடித்தவன் மீன்களைக் கையாற் பொறுக்கும்போதே சிறியவற்றை உயிருடன் நீரில் விட்டுவிடலாம். செவுள் வலை அத்தகையதன்று. அதை மாலையில் நீரில் சுவர் போலக் கட்டி வைத்து விடியலில் எடுப்பர். கண்ணிற் புகுந்த மீன் செவுள் மாட்டி நிற்கும். எடுப்பதற்குள் பெரும்பாலும் இறந்துவிடும். ஆயினும் வலைக்கண் பெரிதாயிருந்தால் குஞ்சுகள் நுழைந்து சென்றுவிடும். வாய்க்காலிலும் மடைவாயிலும் மூங்கிற் பிளாச்சுகளாற் பின்னிய பறிகளை வைப்பதுண்டு. உள்ளே செல்ல வழியும் வெளியேற வழியின்மையும் அதன் அமைப்பாகும்.

இவற்றுள் எதிலும் சேராதது, கொசுவலையையும் பழஞ்சேலையையும் கொண்டு கரையோரத்தை அரித்தெடுப்பது. விரல் நுனியளவுக் குஞ்சுகளையும் அது வாரிவிடும். ஒரு கைப்பிடிக் குஞ்சு ஒரு வேளைக் குழம்புக்கும் போதாது. அவையே ஏரியில் விடப்பட்டால் சில மாதங்களில் பல குடும்பங்களுக்கு ஆகாரமாகும்.

முற்காலத்தில் பருத்தி நூலால் வலை பின்னி, பனிச்சங்காய்ச் சாற்றிலும் மரப்பட்டைச் சாயத்திலும் தோய்த்து நூலுக்கு உறுதி ஏற்றினர். இன்று எங்கும் நைலான் நூலே. அது மட்காது, ஆனால் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். எனவே வலையைத் தெளிந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துதல் வேண்டும். கிழிந்த நைலான் வலையை ஏரியில் எறிதல் பெருந்தீங்கு. நீர்ப்பறவைகளும் ஆமைகளும் அதிற் சிக்கி மாய்கின்றன.

மீனின் வாழ்க்கையை அறிதல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் புதுவெள்ளம் ஏரியிற் புகும். அவ்வேளையில் கெண்டை, கெளுத்தி முதலியன நீரோட்டத்தை எதிர்த்து வரத்துக் கால்வாய்களிலும் வயல்களிலும் ஏறும். மக்கள் கூடி அவற்றை எளிதாகப் பிடிப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவை ஏன் ஏறுகின்றன என்பதைச் சிந்திப்போர் சிலரே. அவை முட்டையிடவே செல்கின்றன. அன்று பிடிக்கும் ஒவ்வொரு தாய் மீனும் தன் வயிற்றில் ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சுமந்து நிற்கிறது. விதை நெல்லைக் குத்திச் சோறாக்கும் உழவன் உண்டோ?

விரால் மீனின் இயல்பு இன்னும் வியப்பானது. அது கரையோரப் புல்லிடையே முட்டையிட்டு, குஞ்சு பொரித்தபின் அவற்றைக் காத்து நிற்கும். நீரின் மேல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று திரிவதைக் கண்டால், அதன் கீழே தாய் தந்தை மீன்கள் இருப்பது உறுதி. அவ்விடத்தில் வலை வீசிப் பெரிய விராலைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் போனபின் அக்குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

தை, மாசியில் நீர் தெளிந்து நிலைபெறும். பங்குனி, சித்திரையில் நீர் குறையும். இவையே வீட்டு வலைக்கு ஏற்ற காலம். நீர் வற்றப்போகும் ஏரியில் மீனை விட்டுவைப்பதால் பயனில்லை. ஆயினும், ஏரியின் ஆழமான மூலையில் ஒரு பகுதியை வலை படாமல் விட்டுவைப்பது மறு ஆண்டுக்கு வித்தாகும்.

வந்து குடியேறிய மீன்கள்

இன்று சென்னைப் புறநகர் ஏரிகளில் வலை வீசினால் மிகுதியாகக் கிடைப்பது ஜிலேபி மீன். இது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான ஆகாரம் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். அது விரைவாகப் பெருகி ஏரிதோறும் பரவியது. இடநெருக்கத்தால் வளர்ச்சி குன்றிச் சிறிதாகவே நின்றது. நம் நாட்டு மீன்களுக்கு இடமும் இரையும் குறைந்தன. ஆகவே, வீட்டுத் தேவைக்கு மீன் பிடிப்போர் ஜிலேபியைச் சிறிதானாலும் பெரிதானாலும் எக்காலத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அது ஏரிக்கும் நன்மை.

ஆப்பிரிக்கக் கெளுத்தி கொடிய இரைதின்னி. அதை வளர்ப்பதற்கு மத்திய அரசு தடை விதித்திருக்கிறது. கண்ணாடித் தொட்டிகளிலிருந்து வெளியேறி ஏரிகளிற் பரவும் சக்கர் மீன், தன் முள்ளால் வலையைக் கிழிப்பதோடு உணவுக்கும் உதவுவதில்லை. இவ்விரண்டும் வலையில் அகப்பட்டால் மீண்டும் நீரில் விடுதல் கூடாது.

குத்தகையும் குடும்பமும்

இங்கு நம் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், ஒரு சிற்றூரின் ஏரி மீன் ஆண்டுதோறும் ஏலம் விடப்பட்டு வந்தது. ஓர் ஆண்டு குத்தகைத் தொகை முன்னைவிட வெகுவாக உயர்ந்தது. அதை நாமும் பெரும் சாதனையாக எண்ணி மகிழ்ந்தோம். சில மாதங்களில் அவ்வூரிலிருந்து புகார் வந்தது. உயர்ந்த தொகையை ஈடுசெய்ய வேண்டிய குத்தகைதாரர் நுண்ணிய கண்ணுடைய இழுவலை கொண்டு ஏரியை அரித்தெடுத்தார். வீட்டுக்கு வலை வீசவந்த ஊராரைக் காவலாள் துரத்தினான். கைகலப்பு நேரும் நிலை உண்டாயிற்று.

நாம் சென்று ஊரைக் கூட்டினோம். குத்தகைதாரர், "பணம் கட்டியவன் நான், மீன் என்னுடையது" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏலத்தில் வீட்டு வலைக்கு இடம் விடுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பொழுது முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் தகப்பனார் காலத்தில் வலை போட யாரையும் கேட்டதில்லை. ஆனால் விரால் குஞ்சு விட்டிருக்கும்போது போடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவும் வேண்டியதில்லை. இப்பொழுது கேட்கவும் வேண்டியிருக்கிறது; கேட்டுப் போட்டால் மீனும் இல்லை" என்றார். கூட்டத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

தவறு குத்தகைதாரருடையது மட்டுமன்று, நம்முடையதும் ஆகும் என்பதை அன்று உணர்ந்தோம். தொகையை மட்டும் பார்த்தோம், நிபந்தனையைப் பார்க்கவில்லை. ஊரார் பக்கத்திலும் தவறு இருந்தது. கொசுவலை அவர்கள் வீடுகளிலும் இருந்தது. மறு ஆண்டு ஏலத்தில் வலைக்கண்ணின் அளவு, வலை வீசக்கூடாத காலம், ஊரார் வீட்டுக்கு மீன் பிடிக்கும் நாட்கள் ஆகியன எழுதிச் சேர்க்கப்பட்டன. தொகை சற்றுக் குறைந்தது, சச்சரவு ஓய்ந்தது. பஞ்சாயத்தின் வருவாய்க் கணக்கில் குறைந்தது, ஊராரின் சட்டிகளில் வந்து சேர்ந்தது என்பதே நம் கருத்து.

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களிலும் மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பகுதியிலும் அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சாதி பேதமின்றி, அயலூரார் உட்பட யாவரும் வலையும் ஊத்தாவும் கச்சாவும் ஏந்தி நீரில் இறங்குவர். பிடித்த மீனை விற்காமல் வீட்டிற் சமைத்துண்பதே வழக்கம். அந்நாள் வரும்வரை எவரும் வலை வீசுவதில்லை என்பதே அவ்விழாவின் உட்பொருள். ஊர்க் கட்டுப்பாடு இருந்தால் பொதுச் சொத்து அழியாது என்பதற்கு அது சிறந்த சான்று.

ஏரி மீனையே நம்பி வாழும் செம்படவர், இருளர் முதலானோரின் பிழைப்பையும் நாம் மறத்தலாகாது. வீட்டு வலை என்பது ஒரு வேளை உணவுக்கு. அது அவர்களது தொழிலுக்குப் போட்டியாக வளர்தல் முறையன்று. எனவேதான், வீட்டுக்குப் பிடித்த மீனை விற்கலாகாது என்னும் விதி இன்றியமையாததாகிறது.

உணவுப் பயன்

ஒரு கிலோ மீனைச் சுத்தம் செய்தால் ஏறத்தாழ 600 கிராம் சதை தேறும் என்று கொள்வோம். 100 கிராம் சதையில் சுமார் 18 கிராம் புரதச் சத்து இருப்பதால், மொத்தம் 100 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதம் கிடைக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் தலைக்கு 20 கிராமுக்குக் குறையாது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வேளைக் குழம்பிலேயே கிடைத்துவிடுகிறது. முள்ளோடு மென்று உண்ணக்கூடிய சிறு மீன்களில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி; கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அது நல்லது.

கெளுத்தி, ஆரால் முதலியவற்றின் வழவழப்பை அடுப்புச் சாம்பல் தேய்த்துப் போக்குவதும், மண்சட்டியில் புளிக்கரைசலிற் கொதிக்கவைப்பதும் நம் தாய்மார் நன்கறிந்தவை. அவர்களுக்கு நாம் ஒன்றே ஒன்றை நினைவூட்டுவோம். வீட்டில் மீன் பங்கிடும்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவு கிடைக்கட்டும்.

எந்த ஏரியின் மீன் உண்ணத்தக்கது

இதைச் சொல்லாமல் விட்டால் நாம் கடமை தவறியவராவோம். அம்பத்தூரில் 1964-ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது, நகரமும் வளர்ந்தது. அவ்வளர்ச்சியோடு கழிவுநீரும் பெருகியது. கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் பல ஆண்டுகள் போராடியதும், அவ்விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் செய்தித்தாள்களில் வந்தவை. சாக்கடையும் ஆலைக் கழிவும் சேரும் ஏரியில் மீன் செழித்திருப்பதுபோல் தோன்றலாம். நன்கு கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். ஆனால் ஈயம், பாதரசம் போன்ற உலோக நஞ்சுகள் கொதிப்பதால் நீங்கா.

நீர் கறுத்து நாற்றமடித்தாலோ, நுரை படர்ந்தாலோ, விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தாலோ, அந்நீரிற் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அறிக. இறந்து மிதக்கும் மீனை ஒருகாலும் சமைக்கவோ விற்கவோ கூடாது. கரையோர வயல்களில் பூச்சிமருந்து தெளித்த கருவிகளை ஏரியிற் கழுவுவதையும் விவசாயிகள் அறவே நிறுத்தல் வேண்டும்.

உயிருக்கு வரும் ஆபத்தும் ஒன்றுண்டு. ஏரியில் மண் எடுத்த குழிகள் நீரின் கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. முழங்கால் ஆழம் என்று நினைத்து அடுத்த அடி வைப்போர் தலைக்கு மேல் மூழ்குவர். வலைக் கயிற்றை மணிக்கட்டிற் கடுமுடிச்சாக இறுக்காமல், எளிதிற் கழலும் சுருக்காகக் கட்டுதல் வேண்டும். தனியே செல்லுதலும், சிறுவர்களை இறக்குதலும் கூடாது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. முதலில், ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை அறிதல் வேண்டும். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பராமரிப்பிலும், அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பிலும் இருப்பது பொது வழக்கு. உரியவரைக் கலந்தே எந்த ஏற்பாட்டையும் செய்யவேண்டும்.

2. குத்தகை நிபந்தனையில் வலைக்கண் அளவைச் சேர்க்கவேண்டும். இரு விரல்கள் தடையின்றி நுழையும் கண் என்பது யாவரும் சோதிக்கக்கூடிய எளிய அளவு.

3. புதுவெள்ளம் வரும் வாரங்களில் வரத்துக் கால்வாயிலும் கலங்கலிலும் மீன்பிடிப்பதை ஊர்க் கட்டுப்பாட்டால் நிறுத்தவேண்டும்.

4. வீட்டு வலைக்குரிய நாட்களை முன்கூட்டியே அறிவித்து, வீட்டிற்கு ஒரு வலை, விற்பனை இல்லை என்னும் இரு விதிகளையும் வகுக்கவேண்டும். வலை பிடிக்க ஆளில்லாத வீடுகளுக்கும் முதியோருக்கும் அன்றைய பிடியில் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும்.

5. ஏரியில் நீர் நின்றபின் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை மீன்வளத் துறையின் ஆலோசனைப்படி விடலாம். ஒருகாலத்தில் இவற்றின் குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே சேகரிக்க வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசா மாநிலத்து அங்குலில் ஹீராலால் சௌதரி என்னும் விஞ்ஞானி ஊசி மூலம் அவற்றை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பயனாகவே இன்று பண்ணைகளில் குஞ்சுகள் தாராளமாய்க் கிடைக்கின்றன.

6. மீன்பாசி வருவாயில் ஒரு பகுதியையாவது அந்த ஏரியின் கரைக்கும் மதகுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் செலவிடுவது என்று தீர்மானிக்கவேண்டும். பாசிப்பாட்டத்தின் நெறி அதுவே.

இவற்றிற்கெல்லாம் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது ஊரின் ஒற்றுமை. கிராம சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2-ஆம் நாள் பருவமழைக்குச் சற்று முன்னதாக வருவது. ஏரி நிரம்புமுன்னரே இவ்விதிகளை அன்று எடுத்துப் பேசி முடிவு செய்தல் நன்று. நிரம்பிய பின்னர் பேசத் தொடங்கினால், பேச்சு முடியுமுன் குஞ்சுகள் கொசுவலைக்குள் போய்விடும்.

ஏரி நம் முன்னோர் தேடிவைத்த பொதுச் சொத்து. அதன் மீனை உண்ண நமக்கு உரிமை உண்டு; அடுத்த ஆண்டும் மீன் இருக்கும்படி செய்யும் கடமையும் அவ்வுரிமையோடு சேர்ந்ததே. வலையைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் சிறியதை நீரில் விட்டுப் பெரியதை வீட்டுக்குக் கொண்டு செல்வாராயின், நம் ஏரிகள் நம் பிள்ளைகளுக்கும் சோறும் குழம்பும் அளிக்கும் என்பது திண்ணம்.